எட்ட நின்ற ஒட்டகச்சிவிங்கி

கண் போகப்போகிறது என்று தெரிந்தவர்கள் கடலைப் பார்க்க ஆசைப்படுவார்கள், பெற்ற பிள்ளையின் முகத்தை ஆசைதீரப் பார்த்துவைப்பார்கள். தையல் மாஸ்டருக்கு ஒட்டகச்சிவிங்கியைப் பார்க்கவேண்டுமாம். அதுவும் கூண்டில் நிற்பதை அல்ல. காட்டில், அது தன் பாட்டுக்கு நடந்துபோவதை.

"ஏங்க, உலகத்துல வேற மிருகமே கிடைக்கலையா உங்களுக்கு?" என்றாள் அவர் மனைவி. காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையைக்கூட மடியிலிருந்து இறக்கவில்லை.

"காலமெல்லாம் துணியை வெட்டி ஒட்டுறவன் நான். பூப்போட்ட துணின்னா தோள்கிட்ட ஒண்ணோட ஒண்ணு சேரவே சேராது, எப்படி இழுத்துப் பிடிச்சாலும் கோணிக்கும். அது உடம்பைப் பாரு. கழுத்து, தோள், தொடைன்னு எத்தனை வளைவு! எங்கயாவது தையல் தெரியுதா? அது நடக்கும்போது அந்தக் கட்டமெல்லாம் உடம்பு மேல எப்படி ஓடுதுன்னு ஒரே ஒரு தடவை முழுசாப் பார்த்துடணும்மா."

அவள் சிரித்தாள். பிறகு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

கண் டாக்டரிடம் அவர் தனியாகத்தான் போய்வந்தார். நீ கடையைப் பார்த்துக்கோ, ரெண்டு பேரும் எதுக்கு என்று சொல்லிவிட்டுப் போனவர், திரும்பி வந்து, "மங்கிட்டே போகுமாம். அடுத்த வருஷம் இந்நேரம் சுத்தமா இருக்காதாம்" என்றார். நாளைக்குக் கடை லீவு என்று சொல்வதுபோலச் சொன்னார். எந்தப் பக்கத்திலிருந்து மங்கும், எப்படி மங்கும் என்று அவள் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையிலா இருந்தாள்? அவரும் சொல்லவில்லை.

ஆகவே தன் கண்ணால் பார்த்ததை வைத்து அவளே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். ஊசியில் நூல் கோக்க இன்றைக்கும் அவரை மிஞ்ச ஆள் இல்லை. எச்சில் தொட்டு, ஒரே குத்தில் கோத்துவிடுவார். ஆனால் எழுந்து நடந்தால் ஸ்டூலில் இடித்துக்கொள்வார், கதவு நிலையில் தோளை மோதிக்கொள்வார், பக்கத்திலேயே இருக்கும் டீ கிளாஸைத் தட்டிவிடுவார். "எந்த லோகத்துல இருக்கீங்க?" என்று அதற்கு வேறு திட்டு வாங்குவார். ஆக, கிட்டப் பார்வை தங்கம், எட்டப் பார்வைதான் போச்சு, மற்றதெல்லாம் கவனக்குறைவு. நீங்களும் நானும் அந்த வீட்டில் இருந்திருந்தால் இதைத்தான் நினைத்திருப்போம்.

இன்னொன்றையும் அவள் பார்த்திருந்தாள். வெட்டும் மேஜையில் துணியை விரித்துவிட்டு அவர் அப்படியே பின்னால் நகர்ந்து நகர்ந்து போய், முதுகு சுவரில் முட்டிய பிறகு, அங்கிருந்து துணியைப் பார்ப்பார். அப்புறம்தான் வந்து கத்திரியை எடுப்பார். கொஞ்ச நாளாகத்தான் இந்தப் பழக்கம். "மகாராஜா தள்ளி நின்னு ரசிக்கிறாரு" என்று அவள் கிண்டல் செய்வாள். அவரும் சிரிப்பார்.

டூர் ஆபீஸில் ஒரு பெண், கம்ப்யூட்டரைத் திருப்பிவைத்து இரண்டு இடங்களைக் காட்டினாள். ஒன்று, கண்ணுக்கு எட்டிய வரை வெறும் புல்வெளி. வண்டி பாதையை விட்டு இறங்கக்கூடாது. மிருகங்கள் தூரத்தில்தான் நிற்கும். ஆனால் கூட்டம் கூட்டமாகப் போகும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். இன்னொன்று, முள்மரக் காடு. அங்கே ஒட்டகச்சிவிங்கிகள் வண்டிக்குப் பழகியவை, தலையையே உள்ளே நீட்டும்.

"கையை நீட்டினா தொட்டுடலாம் மேடம்."

"முதல் இடம்" என்றார் மாஸ்டர்.

"சும்மா இருங்க. எட்ட நிக்கிறது உங்களுக்கு என்ன தெரியப்போகுது? வாசல் நிலையே தெரியல!"

"முழுசாப் பார்க்கணும்மா."

"கிட்டப் போனா முழுசாத் தெரியாம பாதியாவா தெரியும்? கேளும்மா, இவரு பேசுறதை."

அந்தப் பெண் யார் பக்கம் சிரிப்பது என்று தெரியாமல் கீபோர்டைப் பார்த்தாள். மாஸ்டர் வாயைத் திறந்தார். பிறகு, "சரி, உன் இஷ்டம்" என்றார். அந்த மனிதர் அந்த இடத்தில் வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால்! ஆனால் சொல்லவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் அவள் முள்மரக் காட்டுக்கு இரண்டு டிக்கெட் போட்டாள். இன்னொரு பயணத்துக்கு அவர்களுக்கு வழியும் கிடையாது, கண்ணும் கிடையாது.

நல்ல வெயில் ஏறியபிறகுதான் காட்டுக்குள் போனார்கள். மங்கல் வெளிச்சத்தில் அவருக்குத் தெரியாது என்று அவள்தான் அங்கே பிழைக்கவந்த தமிழ் டிரைவரிடம் சொல்லி நேரத்தை மாற்றியிருந்தாள். அந்த மட்டில் எல்லாவற்றையும் யோசித்திருந்தாள், பாவம். வண்டி ஒரு திருப்பத்தில் நின்றது. முன்னாலும் பின்னாலும் இன்னும் இரண்டு வண்டிகள். மரங்களுக்கு நடுவிலிருந்து அது வந்தது. வந்து, மாஸ்டர் பக்கமாகவே கழுத்தைத் தாழ்த்தி, தலையை உள்ளே விட்டது.

அவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பாருங்க, பாருங்க! உங்களைத் தேடித்தான் வந்திருக்கு!"

அவர் தலையை மேலே தூக்கினார், கீழே இறக்கினார், இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். தரையில் விழுந்த ஊசியைத் தேடும்போது அப்படித்தான் செய்வார். பிறகு இருக்கையில் முதுகை அழுத்தினார். இன்னும் அழுத்தினார். காலால் தரையை உந்திப் பின்னால் போகப் பார்த்தார்.

"தம்பி, வண்டியைக் கொஞ்சம் பின்னால எடுக்க முடியுமா?"

"பின்னால வண்டி நிக்குதுய்யா. இதைவிடக் கிட்ட யாருக்கும் கிடைக்காது. நீங்க குடுத்து வெச்சவங்க."

அவள் அந்த முதுகைப் பார்த்தாள். வெட்டும் மேஜையிலிருந்து சுவரை நோக்கிப் போகும் அதே முதுகு.

"என்னங்க, எவ்வளவு தெரியுது?" என்றாள் மெதுவாக.

"ஒரு கண்ணு. இமை முடி. இப்ப ஒரு கட்டம், அதுல பாதி. அவ்வளவுதான்."

"இது எத்தனை நாளா?"

"ஓரமெல்லாம் முன்னாடியே போயிடுச்சும்மா. நடுவுல மட்டும்தான் இருக்கு. எட்டப் போனாதான் எதுவும் அதுக்குள்ள அடங்கும்."

"சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? அந்த ஆபீஸ்லயாவது!"

"சொன்னா கத்திரியை வாங்கி வெச்சிருப்ப."

வாங்கித்தான் வைத்திருப்பாள்.

அது தலையை வெளியே எடுத்தது. திரும்பி நடந்தது. "போகுது, இப்பப் பாருங்க, இப்ப முழுசாத் தெரியும், இடது பக்கம்!" என்று அவர் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"எங்க?"

"அந்த மரத்துக்கிட்ட!"

"எந்த மரம்?"

சுற்றிலும் மரம்தான். அவர் கண் ஒவ்வொரு மரமாகத் தடவிக்கொண்டு போவதற்குள், கட்டங்கள் இலைகளோடு கலந்து, அது இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அன்று முழுக்கச் சுற்றினார்கள். வந்ததெல்லாம் வண்டியை ஒட்டித்தான் வந்தது, போனதெல்லாம் மரத்துக்குள்தான் போனது. அந்தப் புல்வெளிக்கு இங்கிருந்து போக முடியுமா என்று அவள் டிரைவரிடம் கெஞ்சினாள். "அது வேற மூலைம்மா" என்று அவன் சிரித்தான்.

"வாலைப் பார்த்தேன்" என்றார் மாஸ்டர், இறங்கும்போது. "வால் நல்லா இருந்துச்சு."

ஊர் திரும்பியதும் அவள் பெரிய கத்திரியை அலமாரி மேல் தூக்கிவைத்தாள். அது எங்கே என்று அவர் கேட்கவில்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்து அவளுக்கு ஊசி கோத்துக்கொடுப்பதுதான் இப்போது அவர் வேலை. ஒரு மத்தியானம் அவள், "எப்படித்தாங்க தெரியுது உங்களுக்கு?" என்று கேட்டேவிட்டாள். அவர் மேஜையைத் துழாவி ஒரு காலி நூல்கண்டை எடுத்து நீட்டினார்.

"இந்த ஓட்டையில பாரு. இன்னொரு கண்ணை மூடிக்கோ."

பார்த்தாள். அவர் சட்டையில் ஒரு பட்டன் தெரிந்தது. ஓட்டையை உயர்த்தினாள், மூக்கு தெரிந்தது. இவ்வளவு காலம் கூடவே இருந்த மனிதர், கை நீட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார், ஒரு பட்டனாகவும் ஒரு மூக்காகவும். அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள். இன்னொரு அடி. முதுகு சுவரில் முட்டியபோது அவர் முழுசாக ஓட்டைக்குள் வந்தார், நரைத்த தலை, சரிந்த தோள், மடியில் கை.

"எங்க போயிட்ட?" என்றார் அவர்.

"இங்கதான். சுவத்துக்கிட்ட."

அவர் முகத்தைத் திருப்பித் தேடினார். கொஞ்சம் வலப்பக்கம், கொஞ்சம் மேலே. பிறகு முகம் அசையாமல் நின்றது.

"அங்கேயே நில்லு" என்றார். "முழுசாத் தெரியுற. காலு மட்டும்தான் இல்ல."

அவள் நூல்கண்டை இறக்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பதுபோல நேராக நின்றாள். கால்களும் அடங்கவேண்டும் என்று இன்னும் பின்னால் போகப் பார்த்தாள். சின்னக் கடை அது. முதுகுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.