ஐம்பதாவது ஆள்

நெசவாளர் சங்கத்தின் பொதுக்கூட்டம் ஐம்பது பேர் இருந்தால்தான் செல்லும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் கல்யாணங்கள் அதிகம். நாற்பத்தொன்பது பேர்தான் வந்தார்கள். மூன்று வருஷமாக மனு மேல் மனு போட்டும் ஏறெடுத்துப் பார்க்காத சங்கம் அன்றைக்கு மங்கையர்க்கரசியை வீடு தேடி வந்தது அதனால்தான்.

சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய இரண்டு கால்களையும் முடக்கிவிட்டது. கைகள் தப்பின. கட்டம் போட்ட தாளில் அவள் வரையும் பூக்களைத்தான் சங்கத்துத் தறிகளில் பாதி, புடவைக் கரையில் ஏற்றிக்கொண்டிருந்தன. அப்பா இறந்ததும் அவருடைய பங்கு அவள் பெயருக்கு வந்தது. கூட்டத்தில் கையைத் தூக்கும் உரிமையும் சேர்ந்து வந்தது. ஆனால் கூட்டம் நடப்பது மாடியில். நவாப் காலத்துச் சத்திரம் அது. பத்தொன்பது கல்படிகள், ஒவ்வொன்றும் முழங்கால் உயரம்.

அவள் என்ன மாளிகையா கேட்டாள்? கீழ்க்கூடத்தில் கிடக்கும் உடைந்த தறிச் சட்டங்களை ஒதுக்கிவிட்டுக் கூட்டத்தை அங்கே வையுங்கள், வாசலில் இருக்கும் இரண்டு படிக்கு ஒரு பலகை போடுங்கள், என் கைவண்டியிலேயே வந்துவிடுகிறேன் என்றாள். பழம்பெருமை வாய்ந்த கட்டடம், பெரியவர்கள் வைத்ததை மாற்றக் கூடாது என்று பதில் வந்தது. போன ஆடியில் இரும்புப் பெட்டியை மேலே ஏற்றுவதற்காக மாடிப்படியின் ஓரக் கல்லை உளி வைத்துக் கொத்தினார்களே, அப்போது அந்தப் பழம்பெருமை எங்கே போயிருந்ததோ.

காரியதரிசி கலியாணசுந்தரம் சங்கத்து ஆட்கள் பழனியையும் தர்மனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"நாற்காலியோட தூக்கிக்கினு போயிடுவாங்கம்மா. அஞ்சு நிமிஷ வேலை."

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் அவளுடைய மனுவையே முதல் தீர்மானமாக எடுப்பதாக அவர் சொன்னார். அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தாள். பத்தொன்பது படியும் நாற்காலி ஆடியது. ஒரு கையால் புடவையையும் மறு கையால் சுவரையும் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டாவது படியில் யாரோ சிரித்தார்கள்.

சொன்னபடியே மனுவை முதலில்தான் எடுத்தார்கள். தலைவர் அதை உரக்கப் படித்தார். பிறகு மனு போட்ட அம்மாளே மேலே வந்து உட்கார்ந்திருக்கும்போது இதற்கு அவசியம் என்ன என்று கேட்டார். நாற்பத்தொன்பது பேருக்கும் அது நியாயமாகப் பட்டது. அவள் ஒருத்தியின் கைதான் மனுவுக்காக உயர்ந்தது. மற்ற தீர்மானங்கள் மளமளவென்று நிறைவேறின. பசி வேளை, ஒரு மணிக்குக் கூட்டம் கலைந்தது. பழனியும் தர்மனும் எல்லோருக்கும் முன்னால் இறங்கிப் போயிருந்தார்கள்.

காரியதரிசி நடவடிக்கைப் புத்தகத்தை ஐம்பதாவது கையெழுத்துக்காக அவளிடம் நீட்டினார். 'உறுப்பினர் மங்கையர்க்கரசி சிரமமின்றி மேலே வந்து கலந்துகொண்டபடியால் மனு தள்ளப்பட்டது' என்று எழுதியிருந்தது. அவள் வந்ததையே அவளுக்கு எதிரான சாட்சியாக்கி விட்டார்கள். பேனாவை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஜன்னலுக்கு ஓடிப்போய் பழனியைக் கூப்பிட்டார், தர்மனைக் கூப்பிட்டார். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை.

"நான் போய் ஆள் கூட்டியாரேன். நீ இங்கியே இரும்மா."

"பூட்டிக்கினு போவீங்களா சார்? என்னை உள்ள வெச்சா?"

அவர் இரும்புப் பெட்டியைப் பார்த்தார். மூலையில் அடுக்கியிருந்த பட்டு நூல் மூட்டைகளைப் பார்த்தார். கதவைத் திறந்து போட்டுவிட்டு இறங்கினால் வேலை போய்விடும்.

"பூட்டல. நீயே கொஞ்சம் பாத்துக்கினு இரேன்."

"பாத்துக்க மாட்டேன் சார். எது போனாலும் நான் பொறுப்பில்ல. சிரமமில்லாம வந்தேன்னு எழுதிட்டீங்க. எப்படி எறங்கினேன்னும் எழுதுங்க, அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

அவர் எழுதவில்லை. சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார். நடந்து ஓய்ந்ததும் மேல்படியில் உட்கார்ந்தார். கால் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன அவருக்கு. ஆனாலும் கீழே போக யாராவது வரட்டும் என்று பத்தொன்பது படிகளையும் பார்த்துக்கொண்டு, அவளைப் போலவே காத்திருந்தார்.