தோளில் கிடந்த மஞ்சள் துணி

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கோபத்தில் கொதித்த ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன்.

ஜெயப்பிரியா கோவில்பட்டி புறவழிச்சாலையில் கார் பாலிஷ் கடை வைத்திருக்கிறாள். வேலை அவளுக்கு, வருகிறவர்களிடம் முதலாளியாகப் பேசுவது புருஷன் மணிராஜுக்கு.

காரைத் துடைக்கிற மைக்ரோஃபைபர் துணி விஷயத்தில் அவள் கறார். சக்கரத்துக்குச் சாம்பல் நிறம், பெயின்ட்டுக்கு மஞ்சள். வேட்டி, சேலையோடு சேர்த்து அலச விடமாட்டாள், பஞ்சு ஒட்டிக்கொள்ளும். தரையில் விழுந்த துணி மறுபடி பெயின்ட்டைத் தொடாது. கரிசல் புழுதி அந்த இழைக்குள் புகுந்துவிட்டால் அப்புறம் அது உப்புத்தாள்தான்.

அன்றைக்கு மணிராஜ் மஞ்சள் துணி ஒன்றை, மெத்தென்று இருக்கிறதே என்று தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனான். நம்ம ஊர் ஆம்பளைக்குத் தோளில் துண்டு கிடந்தால் பெஞ்சைத் தட்டாமல் உட்கார வருமா? நன்றாகத் தட்டி உட்கார்ந்தான். திரும்பி வந்து, தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி நவநீதகிருஷ்ணனின் கறுப்புக் காரில் ஈரம் கண்டு, அதே துணியால் பானட்டை ஆசையாகத் தேய்த்தான். துணியைப் பழையபடி தோளில் போட்டுக்கொண்டான்.

ஜெயப்பிரியா விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். சிலந்திவலை மாதிரிக் கீறல். அவள் வாய் திறக்குமுன் தீப்பெட்டி முதலாளியே வந்துவிட்டார்.

"என்ன மணி, பூனை பிறாண்டுன மாதிரி இருக்கு?"

"அவ கைதான் அண்ணாச்சி. அழுத்தித் தேய்ச்சிட்டா. இனிமே அவளைக் காரைத் தொட விடமாட்டேன். வேற ஆளு போடுதேன்."

அவள் உண்டாக்கிய கடை. அவள் கையை நம்பி வருகிற கார்கள். ஜெயப்பிரியா புருஷன் தோளில் கிடந்த துணியை வெடுக்கென்று உருவினாள்.

"அந்தா நிக்குல்லா உங்க புது பைக்கு. இந்தத் துணியால டேங்கைத் தொடைங்க. கீறல் விழலைன்னா நான் கடையை விட்டே போயிருதேன்."

"ஏட்டி, சும்மா இரி."

"தொடைங்கன்னு சொல்லுதேன்."

மணிராஜ் துணியை வாங்கி உதறினான். கறுப்புப் புழுதி பறந்தது. டேங்கருகே கொண்டுபோன கை அங்கேயே நின்றது.

"தொடை மணி," என்றார் முதலாளி. "அழுத்தாமத் தொடை."

அவன் தொடவில்லை. முதலாளி ஜெயப்பிரியா பக்கம் திரும்பினார்.

"சாவியை யார்ட்ட குடுக்கணும் தாயி?"

"எங்கிட்டக் குடுங்க அண்ணாச்சி. மேலாக்கத்தான் கீறியிருக்கு, எடுத்துருதேன். இனிமே எதுன்னாலும் எங்கிட்டயே பேசுங்க. இவிய துணி அலசட்டும்."

முதலாளி போனதும் மணிராஜ் மெல்ல, "இன்னும் கோவமா, ஏட்டி?" என்றான்.

"ஆமா. சாம்பலை மஞ்சளோட போட்டுராதீக."

உங்கள் வீட்டில் பாடுபடுகிறவர் பேரை வாய்நிறையச் சொல்லுகிறவர்களே நிறைந்திருக்கட்டும். குஞ்சும் குளுவானுமாக, அடுப்பு அணையாமல் நல்லா இருங்கள், மக்களே.