மூட்டை பார்த்த கடல்

கொத்தனார் யார் வார்த்தையையும் நம்புகிற ஆள் இல்லை. "எங்க லாட்ஜ்ல சக்கர நாற்காலி தாராளமா போகும்" என்று போனில் அடித்துச் சொன்னவனின் வாசலில் போய்ப் பார்த்தால், முழங்கால் உயரத்துக்குப் படி. கேட்டதற்கு, "நாலு பேர் சேர்ந்து தூக்கிருவோம் சார்" என்றான். தூக்குவதற்கு அவர் மனைவி என்ன பீரோவா?

விபத்தில் கால் இரண்டும் போன பிறகு அவள் வாசலைத் தாண்டியதில்லை. விடுமுறைக்கு எங்கே போகலாம் என்றதற்கு அவள் கேட்டது ஒன்றுதான்: கலங்கரை விளக்கக் குன்றின் மேலிருந்து கடலைப் பார்க்க வேண்டும்.

சாரத்தில் ஆளை ஏற்றுமுன் பாரம் ஏற்றிப் பார்ப்பது கொத்தனாரின் வழக்கம். அதே கணக்கில், கிட்டத்தட்ட அவள் எடையே இருந்த சிமெண்டு மூட்டை ஒன்றை நாற்காலியில் உட்கார வைத்தார். சரியாமல் இருக்க அவளுடைய பச்சைச் சால்வையால் கட்டி, வேன் பிடித்துக் குன்றுக்குப் போனார்.

சாய்தளம் நன்றாகத்தான் இருந்தது. மேலே தள்ளிப் போகையில் எதிரே வந்த பெண் ஒருத்தி குனிந்து, மூட்டையிடம், "வெயில் கண்ணு கூசுதாம்மா?" என்றாள். கொத்தனார் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

உச்சியில் சக்கரம் ஒன்று கோணிக்கொண்டது. பாரத்தோடு இறக்கினால் கழன்று ஓடிவிடும். வானத்தில் மேகம் மருந்துக்கும் இல்லை. மூட்டையைக் கடல் பார்த்த பெஞ்சில் வைத்து, "நாளைக்கு வந்து எடுத்துக்கறேன், கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார் காவலாளியிடம்.

"தனியாவா விட்டுட்டுப் போறீங்க? பயப்பட மாட்டாங்களா?"

"நல்லா கிண்டல் பண்றீங்கய்யா!"

வீட்டில் மனைவியின் கன்னம் வெயிலில் கன்றியிருந்தது.

"இனிமே போக வேண்டாங்க. அதான் பாத்தாச்சே."

"எதடி?"

"கடலத்தான். சிவப்புப் படகு ஒண்ணு இப்பவும் தெரியுது. நீங்க பாட்டுக்கு என்னைய விட்டுட்டு வந்துட்டீங்க."

அந்தப் படகை அவரும் பார்த்திருந்தார்.

"மழ வருதுங்க" என்றாள். சன்னலுக்கு வெளியே சுள்ளென்று வெயில்.

நனைந்த சிமெண்டு என்னவாகும் என்று கொத்தனாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "விரல் மடங்கலீங்க" என்று அவள் முடிப்பதற்குள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்.

குன்றின் மேல் கொட்டோ கொட்டென்று கொட்டியது. காவலாளி தன் குடையை மூட்டைக்குப் பிடித்துக்கொண்டு தான் தெப்பலாக நின்றான்.

"என்ன மனுஷங்க நீங்க? உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

ஆயுசெல்லாம் மூட்டையைத் தோளில் சுமந்தவர், இதை இரண்டு கைகளிலும் ஏந்தி இறங்கினார். அடி வைக்கும்போதெல்லாம் அதற்குள் ஏதோ மூச்சு வாங்கியது. தன் மூச்சுத்தான் என்று சொல்லிக்கொண்டார்.

மூட்டையில் ஒரு மூலைதான் இறுகியிருந்தது. அவளுக்கும் இடது சுண்டுவிரல் மட்டும்தான் மடங்கவில்லை.

இப்போது மூட்டை கட்டிலில், அவளுக்குப் பக்கத்தில், தார்ப்பாய் போர்த்திப் படுத்திருக்கிறது. அடுத்தாற்போல அருவிக்குப் போகலாமா என்று கேட்டார்.

"போகலாம். ஆனா ரெண்டு பேரையும் எப்படிங்க தள்ளுவீங்க?"

கொத்தனார் இன்னொரு நாற்காலிக்கு விசாரித்துக்கொண்டிருக்கிறார்.