பலகைக்கு அந்தப் பக்கம்

அவள் ஒரு கையால் கணவரின் தலையைத் தாங்கிக்கொண்டு மறுகையால் தலையணையை உருவிக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் அவர் அதைக் கேட்டார்.

"உண்மையைச் சொல்லு. அவரு இருக்காரா, இல்லையா?"

"யாரு, சலூன்காரரா? காலையிலயே எட்டிப் பாத்துட்டுப் போயிட்டாரே. நாற்காலி சீட்டு ஆச்சான்னு கேக்க வாய் வரல, உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டாரு, பாவம்."

"சலூன்காரர் இல்ல. உன் ஆளு. தெனமும் கண்ணை மூடிக்கிட்டு ஒக்காந்து பேசுவியே, அவரு."

அவள் தலையணையோடு அப்படியே நின்றாள். 'உன் ஆளு' என்று அவர் கடவுளைக் கிண்டல் செய்வது ஒன்றும் புதிதல்ல. கல்யாணமான புதிதில் தொடங்கிய கிண்டல் அது. ஆனால் இன்று குரலில் கிண்டல் இல்லை.

அவர் மெத்தைக்காரர். சோபா, நாற்காலி, கார் சீட்டு என்று எதற்கும் பஞ்சு திணித்து உறை போட்டுக் கொடுப்பவர். தெருவில் அவருக்கு 'ஆணிவாய்' என்று பெயர். வேலை நேரம் முழுக்க ஒரு பிடி சின்ன ஆணிகளை உதட்டுக்குள் அடக்கி வைத்திருப்பார். காந்த முனை வைத்த சுத்தியலை வாயருகே கொண்டுபோனால் ஒரு ஆணி வந்து ஒட்டிக்கொள்ளும். அப்படியே மரச்சட்டத்தில் ஒரு போடு. வாயைத் திறந்தால் ஆணி கொட்டிவிடும் என்பதால் வேலை முடியும்வரை பேச்சு கிடையாது. முடிந்த பிறகு அதற்கும் சேர்த்துப் பேசிவிடுவார்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. அதை இரண்டாகப் பிரித்து ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் தையல் மெஷினோடு அவள். வாயில் ஆணி இருக்கிறபோது அவளைக் கூப்பிட வேண்டுமானால் சுத்தியல் பிடியால் பலகையைத் தட்டுவார். டொக் டொக். இவள் கத்தரிக்கோலின் பிடியால் திருப்பித் தட்டுவாள். நூல் வேண்டும் என்பதற்கும் அதுதான், டீ வேண்டும் என்பதற்கும் அதுதான். பெரும்பாலும் ஒன்றுக்குமே இல்லை. இருக்கியா? இருக்கேன். அவ்வளவுதான்.

இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்தபோது, படுக்கையறை வேண்டாம், பட்டறையில் கட்டிலைப் போடு என்று அடம்பிடித்தவர் அவர்தான். தடுப்பை ஒட்டியே போட்டிருந்தாள்.

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? பால் ஆறுது."

"ஆறட்டும். போற எடத்துல ஆள் இருக்கான்னு கேட்டு வச்சுக்கக் கூடாதா? நீ பழகினவ. உனக்குத் தெரியுமேன்னு கேட்டேன்."

அந்த வீட்டில் வெளிவேலையெல்லாம் அவருக்கு, கடவுள் அவளுக்கு என்று எப்போதோ பிரிந்துவிட்டது. காலையில் மெஷினைத் தொடுவதற்கு முன் அவள் கட்டில் ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் உட்காருவாள். அவர் அதில் தலையிட மாட்டார். ஆனால் மகளுக்குக் காய்ச்சல் வந்தால், வர வேண்டிய வேலை கைநழுவினால், "உன் ஆளுகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வை" என்பார். பெரிய இடத்தில் பெண்டாட்டிக்குச் செல்வாக்கு இருக்கிறது என்கிற நிம்மதி அந்தக் கிண்டலுக்குள் இருந்தது அவளுக்குத் தெரியும்.

அவருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அவளுக்கு எந்தச் செல்வாக்கும் இல்லை. மற்றவர்கள் உடம்பு சிலிர்த்தது என்றார்கள், கண்ணீர் தானாக வந்தது என்றார்கள், யாரோ பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது என்றார்கள். அவளும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறாள். ஒரு நாளும் அவளுக்கு ஒன்றும் வந்ததில்லை. ஒருமுறை, ஒரே ஒருமுறை வந்தால் போதும் என்று எவ்வளவு ஏங்கியிருக்கிறாள்! வராததை யாரிடம் சொல்வது? சேலை வாங்கியதைக்கூட அவரிடம் மறைக்கத் தெரியாதவள் இதை மட்டும் மறைத்து வைத்திருந்தாள்.

பொய் சொல்லிவிடலாம். 'இருக்காரு' என்று ஒரு சொல். சாகக் கிடக்கிறவருக்கு அதைக்கூடக் கொடுக்கக் கூடாதா? அறைக் கோடியில், வாடிக்கையாளர் யாரோ இன்னும் எடுத்துப் போகாத சோபாவில் நாத்தனார் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். அவளிடம் கேட்டிருந்தால் கடவுளின் விலாசத்தைக் கதவு எண்ணோடு சொல்லியிருப்பாள்.

"தெரியலைங்க," என்றாள்.

"என்னது?"

"எனக்குத் தெரியல. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட ஒண்ணும் வந்ததில்ல. நான்தான் பேசுவேன். அந்தப் பக்கம் சத்தமே இருக்காது."

சொல்லி முடித்ததும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயோ, கடைசி நேரத்தில் இப்படிப் பண்ணிவிட்டோமே என்று இருந்தது அவளுக்கு. தலையணையைத் தட்டிச் சரிசெய்து தலைக்கடியில் வைத்தாள்.

"அப்புறம் எதுக்கு தெனமும் ஒக்காந்தே?"

"ஒக்காராம இருக்க முடியல."

அவர் சத்தமில்லாமல் சிரித்தார். சிரித்தது இருமலில் போய் முடிந்தது. இருமல் அடங்கியதும் மெதுவாகச் சொன்னார்.

"நான் பலகையைத் தட்டுவேன்ல. பாதி நேரம் நீ திருப்பித் தட்ட மாட்டே."

"மெஷின் ஓடும்போது எப்படிங்க கேக்கும்?"

"அதைத்தான் சொல்றேன். அதுக்காக நீ உள்ள இல்லேன்னு ஒரு நாளாவது நெனச்சிருப்பேனா? மெஷின் ஓடுது, நிக்கட்டும்னு இருப்பேன்."

அவள் யோசித்தாள். ஆறுதல்தான். ஆனால் இன்று பொய் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

"மெஷின் ஓடுற சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சு. எனக்கு அதுகூடக் கேக்கலையே."

"அட, ஆமா." அவர் புருவத்தைச் சுருக்கினார். வெட்டிய ரெக்சின் ஒரு விரல்கடை குறைந்துபோனால் அப்படித்தான் பார்ப்பார். "அதுவும் சரிதான்."

அவள் ஸ்பூனால் பாலைக் கொடுத்தாள். பாதி உள்ளே போயிற்று, பாதி கழுத்தில் வழிந்தது.

"போய் அந்தச் சீட்டைத் தை. ஆளுங்களை வெறும் பலகையில ஒக்கார வச்சு முடி வெட்டுறாரு அந்த மனுஷன். எனக்கும் மெஷின் சத்தம் கேட்ட மாதிரி இருக்கும்."

அவள் சுத்தியலை எடுத்து அவர் வலது கைக்குள் வைத்தாள். "ஏதாவதுன்னா தட்டுங்க."

இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததும் டொக் டொக் என்று மெல்லக் கேட்டது. சோதித்துப் பார்க்கிறார். கத்தரிக்கோலை எடுத்துத் திருப்பித் தட்டினாள். பிறகு மோட்டாரைப் போட்டாள்.

சலூன் நாற்காலிக்கான சிவப்பு ரெக்சின் தடித்த சரக்கு. ஓரத்துக்குப் பைப்பிங் என்கிற குழாய்த் தையல் போட வேண்டும். மூலை திரும்பும்போது நடுவில் நிறுத்தினால் சுருக்கம் விழுந்து, பிரித்துத்தான் தைக்க வேண்டும். அவள் நிறுத்தவில்லை. மெஷின் கடகடவென்று வீட்டையே உலுக்கிக்கொண்டு ஓடியது. உண்மையைச் சொல்லிவிட்டது வெட்கமாகவும் இருந்தது, பாரம் இறங்கினாற்போலவும் இருந்தது. சாயங்காலம் இன்னும் கொஞ்சம் பேசலாம் என்று நினைத்துக்கொண்டாள். இவ்வளவு நாள் இதை ஏன் பேசாமல் இருந்தோம்?

கடைசி மூலை முடிந்து மோட்டாரை அணைத்தாள். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றுமில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கத்தரிக்கோலால் தட்டினாள். ஒன்றுமில்லை. எழுந்து போனாள்.

அவர் தடுப்பின் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கண் பாதி திறந்திருந்தது. சுத்தியல் கையில்தான் இருந்தது. அதன் பிடி பலகையில் சாய்ந்திருந்தது. தட்டினாரா, தட்டக் கையைக் கொண்டுபோனாரா, சும்மா பிடித்திருந்தாரா? நாத்தனார் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சாவுக்கு வந்தவர்களுக்கு நாற்காலி வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கவில்லை. பட்டறையில் கிடந்த ஊரார் சோபாக்களிலேயே ஊரார் உட்கார்ந்தார்கள். கால் உடைந்த ஒன்று ஆடிக்கொண்டே இருந்தது. சுருள்வில் தெறித்த ஒன்றில் உட்கார்ந்த பெரியவர் துக்கத்தை மீறித் துள்ளி எழுந்தார். கணவர் இருந்திருந்தால் இதை ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார் என்று நினைத்ததும்தான் அவளுக்கு முதல் அழுகை வந்தது. மகள் வேலைக்குப் போன உடையோடு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். சலூன்காரர் வாசலிலேயே நின்றார். கட்டிலருகே சுருட்டி வைத்திருந்த சிவப்பு ரெக்சினைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாத்தனாருக்கு ஒரு காது கேட்காது. மற்றது இஷ்டப்பட்டால் கேட்கும். வந்தவர்களிடமெல்லாம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "சாமியை அப்படி ஏசுவானே, கடைசியில 'கடவுளே'ன்னு கூப்பிட்டான். இந்தக் காதால கேட்டேன்." ஆள் வர வர அந்தக் குரல் தெளிவாகிக்கொண்டே போயிற்று. பொழுது சாய்வதற்குள் அவர் இருமுறை கூப்பிட்டு, கையையும் கூப்பியிருந்தார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பொய் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், ஒவ்வொரு முறை நாத்தனார் வாயைத் திறந்தபோதும் அவள் காது அங்கேயே போயிற்று. தூக்கத்தின் நடுவில் ஒரு கணம் விழித்திருக்கலாம். எதையாவது கேட்டிருக்கலாம். அந்த ஒரு சத்தம் கிடைத்துவிட்டால் போதும் என்று இருந்தது.

அவரை எடுத்துப் போய் வீடு காலியான பிறகு, நாத்தனாரை மெஷின் பக்கம் அழைத்து வந்து ஸ்டூலில் உட்கார வைத்தாள். நல்ல காதின் பக்கம் குனிந்தாள்.

"அண்ணி, அவர் பலகையைத் தட்டினாரா?"

"கூப்பிட்டான்னுதான் சொன்னேனே அம்மாடி."

"கூப்பிட்டது இருக்கட்டும். தட்டினாரா? டொக் டொக்குன்னு?"

நாத்தனார் முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"தூங்கிட்டேன்மா," என்றாள். "பக்கத்துலயே இருந்தேன், பாவி, தூங்கிட்டேன். என் தம்பி ஒண்ணும் சொல்லாமலே போயிட்டான்னு நான் எப்படி வெளிய சொல்லுவேன்? முழிச்சிருந்தா ஏதாவது கேட்டிருக்கும்ல? அதைத்தான் சொன்னேன்."

பெரிய உடம்பு குலுங்கியது. அவளுக்குக் கோபம் வரவில்லை. முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"உங்களுக்காவது கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும் அண்ணி."

சில நாட்கள் போயின. மகள் லீவு போட்டுக்கொண்டு கூடவே இருந்தாள். சலூன்காரர் இப்போதெல்லாம் கடைக்குப் போக எதிர்ச்சாரியில் நடந்தார். இந்தப் பக்கம் வந்தால் சீட்டைக் கேட்க வந்ததாக நினைத்துவிடுவார்களோ என்று பயம்.

ஒரு நாள் காலை அவள் பழையபடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினாள். என்ன கேட்பது என்று புரியவில்லை. கடைசியில், 'வந்து சேந்துட்டாரா?' என்று மட்டும் கேட்டாள். அந்தப் பக்கம் வழக்கம்போலத்தான் இருந்தது. எழுந்து மகளைக் கூப்பிட்டாள்.

"சலூன் நாற்காலிச் சாய்மானத்துக்கு ஓரம் பாக்கி இருக்கு. நீ தை. சீட்டுக்கு நான் ஆணி அடிச்சுடறேன்."

"உனக்கு அடிக்கத் தெரியுமாம்மா?"

"பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் அவருடைய முக்காலியில் உட்கார்ந்தாள். பஞ்சின் மேல் சிவப்பு ரெக்சினை விரித்து இழுத்துப் பார்த்தாள். மூலைகளில் சுருக்கமே இல்லை. ஆணி டப்பாவிலிருந்து ஒரு பிடி எடுத்து உதட்டுக்குள் அடக்கினாள். இரும்பு கரித்தது. இத்தனை வருஷம் அவர் வாயில் இருந்த ருசி இதுதானா? கேட்டு வைக்காமல் போனோமே என்று இருந்தது.

பின்னால் மகள் மோட்டாரைப் போட்டாள். பலகை மெல்ல அதிரத் தொடங்கியது.

அவள் முதல் ஆணிக்குச் சுத்தியலை வாயருகே கொண்டுபோனாள். பிறகு அதைத் திருப்பிப் பிடித்து, பிடியால் பலகையைத் தட்டினாள். டொக் டொக்.

பதில் வரவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாயில் ஆணிகளோடு, பிடியைப் பலகையிலிருந்து எடுக்காமல், அது நிற்கட்டும் என்று அவள் உட்கார்ந்திருந்தாள்.