நகர்ந்த கற்கள்

டமார் என்று ஒரே ஒரு சத்தம். கட்டியிருந்த கழுதை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

இத்ரீஸின் கையிலிருந்த தேநீர்க் குவளை மணலில் விழுந்தது. புகை எழுந்த இடம் பார்லி வயலின் தெற்கு மூலை. அங்கேதான் அவன் மகள் மப்ரூகா கதிர் அறுத்துக்கொண்டிருந்தாள்.

உலகப் போரில் இங்கிலீஷ்காரனும் ஜெர்மன்காரனும் மோதிக்கொள்ள அலமைன் பாலைவனம்தான் கிடைத்தது. வழியெல்லாம் கண்ணிவெடி புதைத்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எண்பது வருடம் ஆகிறது. "வாடகை குடுக்காத குடித்தனக்காரனுங்க, காலி பண்ணவே மாட்டானுங்க" என்று அந்த வெடிகளைச் சொல்லி இத்ரீஸின் மைத்துனன் மிஃப்தாஹ் சிரிப்பான். கூடாரத்து ஜனங்களுக்குக் காவல் ஒரு வரிசைக் கற்கள்தான். கல்லுக்கு இந்தப் பக்கம் உயிர், அந்தப் பக்கம் மண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு மழைக்கு முன்னும் அவற்றுக்குச் சுண்ணாம்பு அடிப்பது இத்ரீஸின் வேலை. அவன் அப்பாவும் அதைத்தான் செய்தார்.

சென்ற மழைக்கு முன் அவன் இன்னொன்றும் செய்தான். வயலின் தெற்கு மூலையில், கற்களுக்கு அப்பால் ஒரு பள்ளம், தண்ணீர் தங்கும் கறுத்த மண். பத்து வருடமாக ஆடுகள் அங்கே மேய்கின்றன, ஒன்றும் ஆனதில்லை. மப்ரூகாவுக்கு அறுப்பு முடிந்ததும் நிக்காஹ். நாலு மூட்டை கூட விளைந்தால் விருந்துக்கு ஆகும். ஒரு விடியற்காலையில் பதினொரு கற்களை இருபதடி தள்ளி உருட்டி வைத்தான். புதுச் சுண்ணாம்பு அடித்தான். யாரிடமும் சொல்லவில்லை. தானே முதலில் உழுதான். கலப்பை தொடாததை மழை மேலே கொண்டுவந்திருந்தது.

"கால் பாத்து வை, மச்சான்!" என்று வரப்பிலிருந்து மிஃப்தாஹ் கத்தினான். இத்ரீஸ் பார்க்கவில்லை. இன்னொன்று இருந்தால் அது தன் காலடியில் இருக்கட்டும் என்றே ஓடினான். அறுத்த கதிர்க்கட்டு அவள் பக்கத்தில் கலையாமல் கிடந்தது. முழங்காலுக்குக் கீழே பார்க்க முடியவில்லை. தலைத்துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினான்.

மிஃப்தாஹின் வண்டி மத்ரூஹ் ஆஸ்பத்திரியை நோக்கிப் பறந்தது. பின்புறம் மகளின் தலையை மடியில் வைத்து இத்ரீஸ் உட்கார்ந்திருந்தான். கட்டிய துணி அதற்குள் நனைந்து கனத்துவிட்டது. வண்டியின் உடைந்த பின்கண்ணாடி வழியே, ஓட்டிக்கொண்டிருந்த மிஃப்தாஹ் அழுதுகொண்டே திட்டினான்.

"கல்லத் தாண்டாத, கல்லத் தாண்டாதன்னு தொட்டில்ல போட்டே சொல்லி வளத்தோமேடா! கழுத, அறிவிருக்கா இவளுக்கு? நீயாவது ஏதாச்சும் சொல்லேன்டா!"

இத்ரீஸின் விரல் நகங்களில் சுண்ணாம்பு எப்போதோ போய்விட்டது; இருந்தும் கையைச் சட்டையில் துடைத்தான்.

மப்ரூகா கண் திறந்தாள். சின்ன வயதில் பானையை உடைத்துவிட்டு நிற்பாளே, அதே பயம் முகத்தில். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா சொல்றத நம்பாத வாப்பா... சத்தியமா நான் கல்லத் தாண்டவே இல்ல."