நாகலிங்கத்தின் பேரில் ஓடிய நெஞ்சு

1
இது கதையாகத் தொடங்கவில்லை. அடுத்த காம்பராவின் சுப்பம்மா டொக்டருக்குக் கடிதம் எழுதித் தரச் சொன்னாள். இந்தத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரையின்கீழ் ஒட்டிக் கிடக்கும் இத்தனை காம்பராக்களில், ஐந்தாம் வகுப்பு வரை போன கிழவன் நான் ஒருவன்தான். அதனால் வந்த வினை.

மதிப்புக்குரிய டொக்டர் ஐயா, நாகலிங்கத்தின் நெஞ்சு

(அங்கேயே நின்றுவிட்டேன். அலுப்பு.)

2
நாகலிங்கம் அவள் புருசன். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவன். கைநடுக்கம் வந்தபின் கத்தி பட்டையில் நிற்கவில்லை. மூன்று வருசம் அவன் மரங்களையும் சுப்பம்மாவே வெட்டி, அவன் பேரில் பால் ஊற்றினாள். கணக்கப்பிள்ளை கண்டுபிடிக்கவில்லை. (கண்டும் சும்மா இருந்திருக்கலாம். யாரையும் நல்லவன் என்று நான் எழுதமாட்டேன்.)

3
2005. கிளினிக்கில் பார்க்கின்சன் என்றார்கள். தூக்கத்தில் நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று பார்க்க, வயர்களை ஒட்டி, இடுப்பில் சின்ன மெசின் ஒன்றைக் கட்டி ஒரு நாளைக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். அவனோ தூக்கத்தில் வேலைக்கு ஓடுகிறவன். கத்துவான், சுவரை உதைப்பான். படுத்த கொஞ்ச நேரத்தில் வயரெல்லாம் பிய்ந்து வந்தது. மறுபடி திகதி கிடைக்க நாலு மாதம். சுப்பம்மா வயர்களைத் தன் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு படுத்தாள். அவளுக்கு அதுவும் அவன் மரம்தான்.

மெசினைத் திருப்பிக் கொடுத்தபோது, தூக்கத்தில் நெஞ்சடிப்பு நன்றாக இறங்குகிறது, இந்த வருத்தக்காரருக்கு லேசில் இறங்காது, பயமில்லை என்றார் டொக்டர். எதையும் நம்பாத நாகலிங்கம் அதை நம்பினான். லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தான்.

4
அன்றிலிருந்து சுப்பம்மா ராத்திரியில் அவன் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறாள்.

"கத்துறாரு, உதைக்கிறாருண்ணே. நெஞ்சு மட்டும் ஒன்னும் நடக்காத மாதிரி போகுது. முழிச்சிருந்தாலும் அதே ஓட்டம், தூங்கினாலும் அதே ஓட்டம்."

"டொக்டர்கிட்ட நீயே சொல்லேன். சிங்களம் தண்ணி மாதிரி வருமே ஒனக்கு."

"எங்க வீட்டுக்காரருக்குந்தான் வரும். பக்கத்துலயே குந்தியிருப்பாரு."

மெசினில் ஓடியது அவள் நெஞ்சு என்று அவனுக்குத் தெரியாமல் சொல்லத்தான் கடிதம். தமிழ் வாசிக்கிற தாதி ஒருத்தி கிளினிக்கில் இருக்கிறாளாம்.

5
முடிவு ஒன்று: டொக்டர் சிரித்து மன்னிக்கிறார். (அப்படி ஒரு டொக்டரை நான் பார்த்ததில்லை. வெட்டிவிட்டேன்.)

முடிவு இரண்டு: நாகலிங்கம் செத்துப்

(சுவருக்கு அப்பால் இருமுகிறான். எப்படி எழுதுவது?)

6
நாளைக்குக் கிளினிக். நாகலிங்கம் வாசலில் வந்து நிற்கிறான்.

"கிளினிக்குக்கா எழுதுற? என் நெஞ்சு நல்லா இருக்குன்னு போடுப்பா. எழுதிட்டு எனக்கும் வாசிச்சுக் காட்டு."

நீங்கள் படித்தவர்கள். உங்களை நான் நம்பவில்லை, ஆனாலும் பேனாவைப் பிடியுங்கள். எழுதி முடித்ததும் அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதையும் நீங்களே செய்யுங்கள்.