வாத்தியாரிடம் சொன்ன சொல்

துல்லியோ வாத்தியார் என்ற பெயரைக் கேட்டாலே வால்டெமிருக்கு வயிறு எரியும். அவன் மனைவி ஜுசாராவுக்கு ரெசிஃபே நகரத்துக் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் ரிசப்ஷன் வேலைக்குப் போக ஆசை. வீட்டில் பேசும் போர்ச்சுகீசு மட்டும் அதற்குப் போதாதென்று, ஞாயிறு மதியங்களில் செல்போன் வழியே அந்த வாத்தியாரிடம் ஆங்கிலம் படித்தாள். படிப்பென்றால் படிப்பாக இருக்க வேண்டாமா? இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். புருஷன் சொல்லும் ஜோக்குக்கு உதட்டைக்கூட அசைக்காதவள்!

"அப்படி என்னத்தச் சொல்லிட்டான் அந்த ஆளு?"

"உனக்குச் சொன்னாப் புரியாது, விடு."

அந்தப் 'புரியாது' அவனைச் சுட்டுவிட்டது. பஸ் டிரைவரான அவன், டிப்போவில் வண்டி நிற்கும் நேரமெல்லாம் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு ஆங்கிலச் சொற்களை நெட்டுருப் போட்டான். டோமினோ ஆடக் கூப்பிட்டவர்களிடம் தலைவலி என்றான். வீட்டில் மட்டும் ஒன்றும் தெரியாத முகம். அடுப்படியில் நின்றபடி அவள் பாடத்தை ஒட்டுக் கேட்டான். வானிலை, மீன் சந்தை, அவள் அத்தையின் மூட்டுவலி. உருப்படியாக எதுவும் சிக்கவில்லை, சிக்காததாலேயே சந்தேகம் வளர்ந்தது. பொறாமைக்காரன் புத்தி வேறெப்படி ஓடும்?

அன்றும் மரவள்ளி மாவைக் கல்லில் தட்டிக்கொண்டே காதைத் தீட்டியிருந்தான். எதிர்காலத் திட்டம் என்ன என்று வாத்தியார் கேட்டான். ஜுசாரா ஒவ்வொரு சொல்லாகக் கோத்து ஆங்கிலத்தில் சொன்னாள்: "கடைசிவரை வால்டெமிரோடு வாழ ப்ரிடெண்ட் பண்ணுகிறேன்."

வாத்தியார் சிரித்தான்.

ப்ரிடெண்ட்! டிப்போவில் அவன் மனப்பாடம் செய்த சொல். நடிப்பது, பாசாங்கு செய்வது. வால்டெமிர் அடுப்பைக்கூட அணைக்காமல் கூடத்துக்குப் பாய்ந்தான்.

"என்கூட வாழ்ற மாதிரி நடிக்கிறியாடி? அதை இவன்கிட்டச் சொல்லி வேற சிரிக்கிறீங்களா?"

ஜுசாரா திகைத்துப்போனாள். "யாருய்யா நடிச்சா? நாம பேசுற 'பிரெத்தெண்டோ'தான் அது. கடைசிவரை உன்கூட வாழணும்னு நெனச்சிருக்கேன்னுதானே சொன்னேன்!"

"கோவிச்சுக்காதீங்க சார்," என்றான் போனுக்குள்ளிருந்து துல்லியோ. "நம்ம போர்ச்சுகீசுல அது எண்ணம், இங்கிலீஷ்ல பாசாங்கு. எல்லாருமே வழுக்கி விழற இடம் அது."

பிறந்ததிலிருந்து நாக்கில் புரண்ட சொல். அது அவனுக்கு நினைவுக்கே வரவில்லை. கடைசிவரை என்றுதான் சொல்லியிருக்கிறாள். வால்டெமிருக்கு அப்பாடா என்றிருந்தது, சிரிக்கப் பார்த்தான்.

அவள் சிரிக்கவில்லை. போனை அணைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் இங்கிலீஷ்லதானே பேசினேன். உனக்கெப்படிப் புரிஞ்சுது?"

அடுப்படியிலிருந்து கருகல் வாசம் வந்தது. அவன் நகரவில்லை.

"எத்தனை நாளா?"

"கார்னிவல் திருவிழாவுக்கு முன்னாடியிருந்து, மாசக்கணக்கா," என்றான் தரையைப் பார்த்தபடி.

"ஒண்ணும் தெரியாதவன் மாதிரியே இருந்துட்டு, அத்தனையும் ஒட்டுக் கேட்டிருக்க."

பிறகு நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னாள்: "நீதான் ப்ரிடெண்ட் பண்ணினாய்."

இந்தத் தடவை அவள் வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை.